பால்குடத்துக்கு முந்தின நாள்

காரில்லாமல் அங்கே போக முடியாது என்று என் அண்ணன் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே என்றால் சேலத்துக்கு அந்தப் பக்கம், பைபாஸ் ஓரத்தில் இருக்கும் தீம் பார்க். "நொம்பத் தூரம் அம்மிணி. மூணு பஸ் மாறோணும். புள்ளையக் கூட்டிக்கிட்டு நீ எங்க அலையப்போற? அடுத்த லீவுக்கு நானே கார்ல கூட்டிக்கிட்டுப் போறேன்" என்பார். அவரிடம் கார் இருந்தது. எங்களிடம் அடுத்த லீவு மட்டும் இருந்தது.

போன வருடம் பரீட்சை லீவு விட்டதும் அவர் போனார். மச்சினன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் அதைத் தெரிந்துகொண்டது போனில், ஸ்டேட்டஸில் வந்த படத்தைப் பார்த்துத்தான். நீல நிறத்தில் மலைப்பாம்பு போல வளைந்து இறங்கும் தண்ணீர்ச் சறுக்கு. அதன் அடியில் அண்ணன் மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு விழுகிறாள். என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். சறுக்கின் உச்சிவரை நகர்த்திப் பார்த்தாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அழுதிருந்தால் ஓர் அதட்டலில் முடித்திருப்பேன். அவள் அழவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசும். ரொம்பக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேலை செய்யும். நான் எஸ்டேட் நாற்றங்காலில் வேலை பார்க்கிறேன். காப்பி நாற்றுக்குக் கவரில் மண் நிரப்புவது, விதை ஊன்றுவது, தண்ணீர் விடுவது. அன்று நான் நிரப்பிய வேகத்தைப் பார்த்துவிட்டு, ஆள்கணக்கு எழுதும் ரைட்டர், "ஏனுங்க, ஊட்ல ஏதாச்சும் சண்டைங்களா?" என்று கேட்டார். இல்லீங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கவரை எடுத்தேன்.

அடுத்த நாளிலிருந்து கண்டக்டர்களைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர் ஏற்காட்டு மலையில், மாரமங்கலத்துக்கும் மேலே. காலையில் ஆறு மணிக்கு ஏற்காட்டுக்கு ஒரு பஸ். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ஏற்காட்டிலிருந்து கடைசி பஸ். அது ஊரிலேயே ஹால்ட் அடித்து, மறுநாள் காலையில் அதுவே முதல் பஸ்ஸாகப் புறப்படும். இந்த இரண்டுக்கும் நடுவில் மலையிறங்கி, சேலம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, பார்க்கைப் பார்த்து, திரும்பி மலையேறியாக வேண்டும். ஒரு கண்டக்டர் சொன்ன நேரத்தை இன்னொருவர் சிரித்துக்கொண்டே மறுத்தார். இரண்டு வாரம் கேட்டு, அடித்துத் திருத்தி, கடைசியில் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு நேரப்பட்டியல் எழுதினேன். மூன்று மணிக்கு பார்க்கை விட்டுக் கிளம்பினால் போதும். இரண்டு டிக்கெட்டைப் போனிலேயே எடுத்தேன். தேதி மாற்ற முடியாது என்று அதில் போட்டிருந்தது. நான் எதற்கு மாற்றப்போகிறேன் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஊர்க்கூட்டம் போட்டு மாரியம்மன் நோம்பிக்குத் தேதி வைத்தார்கள். பால்குடம் எடுக்கிற நாள் எங்கள் டிக்கெட்டுக்கு மறுநாளாக வந்து விழுந்தது.

பால்குடம் என் மகளுக்கு விளையாட்டு இல்லை. அதற்கு முந்தின வருடம் மிளகு பறிக்கும்போது ஏணி வழுக்கி, சில்வர் ஓக் மரத்திலிருந்து என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நடப்பாரா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அப்போது யாரையும் கேட்காமல், அப்பா நடந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று இவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவர் நடந்துவிட்டார், கொஞ்சம் சாய்த்துச் சாய்த்துத்தான் நடக்கிறார், ஆனால் நடக்கிறார். நோம்பி சாட்டியதும் இவளே போய்ப் பூசாரி முன்னால் கையை நீட்டிக் காப்புக் கட்டிக்கொண்டாள். மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு துண்டு விரலி மஞ்சள்.

காப்புக் கட்டிவிட்டால் மூன்று கட்டுப்பாடு உண்டு. வெளிச்சாப்பாடு சாப்பிடக் கூடாது. பால்குடம் இறக்கும்வரை கயிற்றைக் கழற்றக் கூடாது. ராத்திரி ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. மீறினால் அந்தக் கை குடம் தொடக் கூடாது. அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா நேராகவே வந்து கேட்டாள். "காப்புக் கட்டின புள்ளையக் கூட்டிக்கிட்டு ஆட்டம் பாக்கப் போறயாமா? உனக்குப் புத்தி கித்தி இருக்குதா?"

"ராத்திரி தங்கக் கூடாதுன்னுதானக்கா கட்டுப்பாடு? பகல்ல போகக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"பஸ்ஸு வரலீன்னா?"

"வரும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் பந்தல் வேலையில் இருந்தார், அவரால் வர முடியாது. அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "உங்கண்ணங்கிட்டக் காரு கேக்கலாமே." அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு, போக வேண்டாம் என்று எனக்கே தோன்றியிருந்தால்கூட நான் போயிருப்பேன்.

ஆறு மணி பஸ்ஸில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஏறினோம். மலைக்காரர்களுக்கு மே மாத விடியலும் குளிர்தான். சேலத்தில் இறங்கும்போது அதே ஸ்வெட்டர்களைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரிப் பொரிந்துகொண்டு நின்றோம். ஆனால் என் காலண்டர் தாள் பொய் சொல்லவில்லை. ஏற்காட்டு பஸ், சேலம் பஸ், டவுன் பஸ் எல்லாம் எழுதிய வரிசைப்படி வந்தன. பைபாஸில் இறங்கி இருபது நிமிடம் வெயிலில் நடந்து பத்தரைக்கு கேட்டில் நின்றோம். எங்களைக் கடந்து கார்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு காரைப் பார்க்கும்போதும், நாங்களும் அங்கேதான் வருகிறோம் என்று எனக்குச் சத்தமாகச் சொல்லத் தோன்றியது.

கேட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். காப்புக் கட்டியவளோ உள்ளே விற்பதைச் சாப்பிடக் கூடாது. பார்க்கின் சட்டமும் அம்மனின் சட்டமும் என் சாப்பாட்டுத் தூக்குப்போசியில் வந்து முட்டிக்கொண்டன. நான் சண்டைக்கு வாயெடுக்குமுன் மகள் சொன்னாள், "இங்கயே தின்னுட்டுப் போலாம்மா." கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மத்தியானத்துக்குக் கட்டிய புளிசாதத்தைப் பத்தரை மணிக்கே அமுக்கி அமுக்கித் தின்றோம். காவலாளி பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கும் ஓர் உருண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

உள்ளே போனதும் மகள் ராட்டினத்தில் ஏறினாள், மோதும் காரில் ஏறினாள், கப்பல் மாதிரி ஆடுகிற ஒன்றில் ஏறி மூன்று முறை கத்தினாள். ஒரு வருடமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பா விழுந்த பிறகு வீட்டில் சத்தமாகச் சிரிப்பதையே நாங்கள் எல்லோரும் எப்படியோ விட்டிருந்தோம். ஆனால் நீலச் சறுக்கைக் கடைசிக்கு வைத்திருந்தாள். தட்டில் இருக்கிற முறுக்கைக் கடைசியில் தின்பதற்கு ஒதுக்கி வைப்பாள், அந்தப் பழக்கம்.

இரண்டு மணிக்கு வாடகை நைலான் உடுப்பை மாட்டிக்கொண்டு சறுக்கின் உச்சிக்கு ஏறினோம். சேலை கட்டி இறங்கக் கூடாது என்பதால் எனக்கும் ஒரு அரைக்கை பனியனும் முக்கால் பேண்டும். அந்தக் கோலத்தில் என்னை ஊரில் யாராவது பார்த்தால் நோம்பியே நின்றுபோகும்.

உச்சியில் விசிலோடு ஒரு பெண் நின்றாள். என் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "கயிறு கூடாதுங்க. இறங்கற வேகத்துல மாட்டிக்கும்."

"காப்புங்க அது. நாளைக்குப் பால்குடம்" என்றேன்.

"எங்க ஊர்லயும் நோம்பிதானுங்க, எனக்குத் தெரியாதா? ஆனா கையில இருந்தா விட முடியாதுங்க."

"என் கழுத்துல கூடத்தான் கயிறு இருக்குது!"

"அத உள்ள போட்டு ஊக்குக் குத்திக்கலாங்க. இது கையில வெளிய இருக்குது. விட்டேன்னா என் வேல போயிருங்க."

பின்னால் வரிசை நீண்டது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். கீழே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. அண்ணன் மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. மூன்று வருடம், மூன்று பஸ், இரண்டு வாரம் எழுதிய காலண்டர் தாள் எல்லாம் இந்தக் கால் அங்குலக் கயிற்றில் வந்து நின்றது. நான் குனிந்து மகளின் காதில் சொன்னேன்:

"கழட்டிரு கண்ணு. கீழ போனதும் அதே முடிச்சா நானே கட்டி உடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்லம்மா" என்றாள். காப்பு இருந்த கையை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். "அப்பா நடக்கறாருல்ல?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் அண்ணனோடு நான் போட்ட போட்டிக்காக, அவள் அப்பாவுக்காகக் கட்டியிருந்ததை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அப்படியே இறங்கிப் போய்விடலாம் என்று திரும்பினேன். அவள் விடவில்லை. "ரெண்டு பேரும் எறங்கிட்டா சறுக்கு வீணாப்போயிரும். நீ போம்மா. நான் படியில ஓடி வந்து கீழ நிக்கறேன்."

நான் போனேன். மாரியாத்தா என்று கத்திக்கொண்டே போனேன். கீழே மூக்கிலும் வாயிலும் தண்ணீரோடு எழுந்தபோது அவள் கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் வந்தது எந்தத் தண்ணீர் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

மூன்று மணிக்கு வெளியே வந்தோம். இனி திரும்பிப் போவது ஒன்றுதான் வேலை, அதைத் தவறவிட மாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பைபாஸுக்கு நடந்து வந்து, எங்கள் ஊரில் செய்கிற மாதிரியே, ஓர் ஓரமாக நின்று கையைக் காட்டினேன். மலையில் கையைக் காட்டினால் பஸ் நிற்கும். வளைவாக இருந்தாலும் பத்தடி தள்ளியாவது நிற்கும்; டிரைவர் யார் வீட்டுக்குப் போகிறோம் என்றும் கேட்பார். பைபாஸில் ஒரு பஸ் போயிற்று, இரண்டாவது போயிற்று, நான்காவதும் புழுதியை அடித்துவிட்டுப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் நான் கையை இன்னும் உயரமாகக் காட்டினேன். முக்கால் மணி நேரம் போன பிறகு இளநீர்க்காரர் ஒருவர், "ஏனுங்க, இங்க எமன் கையக் காட்டுனாலும் நிக்காதுங்க. ஸ்டாப்பு பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றார். நாலு எழுத்துப் படித்து நேரப்பட்டியல் போட்டவளுக்கு, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஓடினோம். சேலத்தில் ஏற்காட்டு பஸ் ஏறும்போது ஐந்தாகிவிட்டது. அப்போதும் நேரம் இருந்தது. ஆறேகாலுக்கு ஏற்காடு, ஆறே முக்காலுக்குக் கடைசி பஸ். வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். இருபதாவது வளைவு தாண்டியதும் பஸ் நின்றது.

முன்னால் கார்கள். மே மாதக் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் ஏறவும் இறங்கவும் பார்த்து, ஒருவரை ஒருவர் முந்தப் போய், இரண்டு வரிசையும் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. பத்து நிமிடம் பொறுத்தேன். டிரைவர் இன்ஜினை அணைத்தார். மகள் மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கடைசி பஸ்ஸை விட்டு ராத்திரி இங்கேயே தங்கும்படி ஆனால், நாளைக்கு அவள் கை குடம் தொடாது. ஒரு வருடம் காத்திருந்த பிள்ளை, என் வீம்பால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும்.

"நடக்கலாமா கண்ணு?"

"நடக்கலாம்மா."

டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். மூன்று கிலோமீட்டர் இருக்கும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கார்களின் ஓரமாக ஏறத் தொடங்கினோம். ஏசி போட்ட கண்ணாடிகளுக்குள்ளிருந்து எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். காலையில் எங்களைக் கடந்துபோன கார்களை இப்போது நாங்கள் கடந்துகொண்டிருந்தோம். வேறொரு நாளாக இருந்தால் அதை நான் நிறுத்தி நிதானமாக ரசித்திருப்பேன்.

பாதி தூரத்தில், எதிர் வரிசையில், ஒரு வெள்ளைக் காரின் கண்ணாடி இறங்கியது. "அம்மிணி!"

என் அண்ணன். பொழுது சாய்வதைப் பார்த்து, அணைந்து கிடந்த என் போனில் என்னைப் பிடிக்க முடியாமல், வீட்டுக்காரர்தான் அவருக்குப் போன் செய்திருக்கிறார். எங்களைச் சேலத்திலிருந்தே ஏற்றி வரலாம் என்று கிளம்பி, இங்கே வந்து மாட்டிக்கொண்டு அரை மணி நேரமாக நிற்கிறார். "ஏறு, ஏறு" என்று பழக்கத்தில் கதவைத் திறந்தார்.

"ஏறி எங்கண்ணா போறது?" என்றேன்.

அவர் முன்னாலும் பின்னாலும் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருடமாக நான் காத்திருந்த நிமிடம் அது. ஆனால் சொல்ல வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. அவர் வேர்த்துப் போயிருந்தார், எங்களுக்காக வந்திருந்தார். "நிக்காத, போ, போ. நான் ஒரு போன் போடறேன்" என்று தண்ணீர் பாட்டிலை மகள் கையில் திணித்தார்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது ஏழு தாண்டிவிட்டது. பஸ் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு காலை மேலேயும் ஒரு காலைத் தரையிலும் வைத்து நின்றிருந்தாள். நோம்பிக்குப் பூவும் தேங்காயும் வாங்க வந்தவள். கண்டக்டர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "அக்கா, ஏறுங்க. இருபது நிமிசம் லேட்டுங்க."

"உங்கண்ணன் போன் பண்ணுச்சு" என்று என்னைப் பார்த்துச் சீறினாள். "புத்தி கெட்டவளே! கால எடுத்தா பஸ்ஸு கெளம்பிருமே, பால்குடம் எடுக்கற புள்ள வரோணுமேன்னு நிக்கறேன். ஏறு மொதல்ல."

ஏறினோம். பஸ் முழுக்க எங்கள் ஊர்க்காரர்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். "கையக் காட்டு சாமி."

மகள் ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். வேர்வையில் கயிறு வெளுத்திருந்தது. முடிச்சு பூசாரி போட்ட முடிச்சுத்தான்.

"தண்ணியில எறங்கோணும்னா இதையெல்லாம் கழட்டச் சொல்லுவாங்களாமே?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சொன்னாங்க பெரீம்மா" என்றாள் என் மகள். "அம்மாதான் உடல. சண்ட போட்டாங்க. அப்பறம் நான் சறுக்குல போகல."

"அதான பாத்தேன்!" என்றாள் அக்கா. "உங்கம்மா புடிவாதம் ஊருக்கே தெரிஞ்சதுதான? இதுக்காச்சும் ஒதவுச்சு." பையிலிருந்து மல்லிகையில் ஒரு முழம் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டாள். என் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஊர் எல்லையில் கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்தைப் பஸ் தாண்டும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அவள் மஞ்சள் சேலையில் பால்குடம் எடுத்தாள். அவள் அப்பா சாய்த்துச் சாய்த்து அவளுக்கு முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். அம்மனுக்குப் பால் ஊற்றிய பிறகு பூசாரி காப்பை அவிழ்த்தார். சேலத்துக் கீழ்நாட்டு வெயிலில் கை கறுத்திருந்தது, கயிறு இருந்த இடம் மட்டும் வெளேரென்று ஒரு வளையமாகத் தெரிந்தது. அது மறைய இரண்டு வாரம் ஆயிற்று. அவள் தண்ணீர் மொண்டு கொடுக்கும்போதும் தலை பின்ன உட்காரும்போதும் அந்த வளையத்தைப் பார்த்தேன்.

அண்ணன் அடுத்த லீவுக்குக் கார் எடுத்து வருவதாகச் சொன்னார். இந்த முறை நிஜமாகத்தான் சொன்னார். "பஸ்லயே போறோம் மாமா. ஸ்டாப்பு எங்கன்னு இப்பத் தெரியும்" என்றாள் என் மகள்.

அக்கா இன்னமும் அந்தக் கதையைக் குழாயடியில் சொல்கிறாள். பார்க்குக்காரர்களோடு நான் சண்டை போட்டுக் காப்பைக் காப்பாற்றிய கதை. ஒவ்வொரு முறையும் மறுத்துச் சொல்ல நினைத்து, சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். அங்கே வராத தைரியம் எழுதும்போது வருகிறது. கழற்றச் சொன்னது நான்தான். மாட்டேன் என்றவள் அவள்.